கடையில் இருந்த மருந்தைக் கண்டுபிடித்த கதை

"உங்க அனுபவத்துலேர்ந்து புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்று ஆய்வகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். சாதித்ததை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அதை எழுதினால் நாலு வார்த்தைகூடத் தேறாது. சொதப்பியதை எழுதச் சொன்னால் என்னிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அதனால் வைரஸ் தடுப்பு மருந்து வடிவமைக்க வந்திருக்கும் பிள்ளைகளே, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு மனிதன் தன் சொந்த ஊரில், தன் முகம் அச்சடித்த ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கீழேயே நின்று மானம்போன கதையைக் கேளுங்கள்.

கோழிகளுக்கு ஐ.பி. என்று ஒரு நோய் வரும். பண்ணைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மூச்சுக்குழலைப் பிடிக்கும் வைரஸ். பெரிய கோழிக்கு வந்தால் இருமும், முட்டை சுருக்கம் விழுந்து கோணல்மாணலாக வரும். பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கு வந்தால் இன்னும் மோசம். குஞ்சு பிழைத்துவிடும், தின்னும், கொழுகொழுவென்று வளரும். ஆனால் முட்டை இறங்கி வரும் குழாய் உள்ளே அப்போதே கெட்டுப்போயிருக்கும். அது வளர்ந்து முட்டை போட வேண்டிய பருவம் வந்த பிறகுதான், அந்தக் கோழி ஆயுசுக்கும் முட்டையே போடாது என்பது தெரியவரும். பண்ணை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வைரஸுக்குக் கடையில் மருந்து உண்டு. ஆனால் வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சட்டைக்குச் செய்த மருந்து இன்னொன்றைக் கண்டால் அடையாளம் தெரியாமல் நிற்கும். எல்லாச் சட்டைக்கும் பொதுவாக ஒரு மருந்து செய்துவிட வேண்டும் என்று கிளம்பியவர்களில் நானும் ஒருவன். வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். பல பண்ணைகளில் எடுத்த வைரஸ்களின் மேற்புரதத்தை, அதாவது அந்தச் சட்டையை, எழுத்து எழுத்தாக வரிசையாக அடுக்குவது, ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்து அதிகமாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது. கடைசியில் கிடைக்கும் பொதுவரிசை எந்த வைரஸிலும் அச்சாக இருக்காது, ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும். அதைப் புரதமாகச் செய்து கோழிக்குப் போட்டால், அதன் உடம்பு எல்லா வைரஸையும் ஓரளவுக்கு அடையாளம் கண்டுகொள்ளும். யோசனை நல்ல யோசனை. இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். குறை யோசனையில் இல்லை, யோசித்தவனிடம் இருந்தது.

ஆய்வகச் சோதனையில் முடிவுகள் அப்படி வந்தன! எங்கள் புரதம் போட்ட கோழியின் ரத்தம், எங்கள் குளிர்பெட்டியில் இருந்த வைரஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கிப் போட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது, போகிற போக்கில் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டுப் போகிறோம் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். சொந்த ஊரான விருத்தாசலத்துக்குப் போனபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீக்கடை, கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். சர்ச் வாசலில் பூசை முடிந்து வந்தவர்களிடமும் சொன்னேன்.

மருந்தை முதன்முதலில் பண்ணையில் போட்டுப் பார்க்க இடம் தேடினோம். மங்கலம்பேட்டை ரோட்டில் என் அக்கா ஜெயராணி முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறாள். மாமா பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலைக்குப் போகிறவர். பண்ணை முழுக்க அக்காவின் பொறுப்பு. சொந்த அக்கா பண்ணையில் சோதனை வைக்கலாமா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். "எங்க அக்காவைவிடக் கண்டிப்பான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். நான் அந்த நாட்களில் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மையாக முடிந்தது.

சோதனைக்கு ஒரு நிபந்தனை. குஞ்சுகள் வேறு எந்த ஐ.பி. மருந்தும் படாமல் வர வேண்டும். வழக்கமாகக் குஞ்சு பொரிக்கும் இடத்திலேயே கண்ணில் சொட்டு மருந்து விட்டுத்தான் அனுப்புவார்கள். அதை விட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

"ஏன்டா, வெறுங்குஞ்சா கொண்டாந்து எறக்குறமே, நடுவுல எதனா ஆயிட்டா?" என்று கேட்டாள் அக்கா.

"நான் இருக்கேன்லக்கா."

"நீ இருப்ப. குஞ்சு இருக்கணுமில்ல."

சொன்னாளே தவிர, என் பேச்சைத் தட்டவில்லை. சொட்டு மருந்து விடாத குஞ்சுகள் வந்து இறங்கின. விலைபோகாத பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் வைத்து, பல்பு வெளிச்சத்தில் அவள் ஷெட்டு முழுக்கக் குஞ்சுகளாக நிரப்பியிருந்தாள். அதே ரோட்டில் கொஞ்ச தூரத்தில் காதர் பாய் என்பவர் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய கோழிகள் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தன. கடை மருந்து போட்டும் இருமின. அந்த வைரஸைக்கூட நாங்கள் எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்து வைத்திருந்தோம். புதுச் சட்டை போட்ட ஆசாமி. எங்கள் மருந்து இவனையும் பிடிக்கும் என்று நான் மார்தட்டியிருந்தேன்.

சோதனை தொடங்கும் நாள் காலையில் பண்ணைக்காரர்கள் கூட்டம். சர்ச் மண்டபத்தில் ஏற்பாடு. வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் நான் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். "நோயை வென்ற நம் ஊர் டாக்டர் அருள் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்." அந்த டாக்டர் பட்டத்தைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் முந்தின நாளே என்னிடம் மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டார்கள். கூட்டம் முடிந்த கையோடு ஷெட்டுக்குப் போய், பாதிக் குஞ்சுகளுக்கு எங்கள் ஊசி, மீதிக்குக் கடை மருந்து என்பது திட்டம்.

இங்கேதான் என் பெருமை எனக்கு உதவி செய்தது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் காட்ட ஒரு படம் தயார் செய்தேன். வைரஸ்களின் வம்ச மரம், ஒன்றுக்கொன்று ஒத்தவை அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவில் எங்கள் பொதுவரிசை, ஒரு ஓரத்தில் காதர் பாய் பண்ணை வைரஸ். இதோடு, கடையில் விற்கும் பழைய மருந்தின் வைரஸையும் சிவப்பு நிறத்தில் போட்டு, அது எங்கோ ஒரு மூலையில் கிடப்பதைக் காட்டினால் ஜனங்கள் வாயைப் பிளப்பார்களே என்று ஆசைப்பட்டேன். அதுவரை அந்தப் பழைய மருந்தை எங்கள் மரத்தில் யாரும் சேர்த்ததே இல்லை. அதுதான் பழசாயிற்றே, அதை எதற்குச் சேர்ப்பது?

சேர்த்தேன். சிவப்புப் புள்ளி மூலைக்குப் போகவில்லை. நடுவில் எங்கள் பொதுவரிசையின் தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த மலர்விழிக்குப் போன் போட்டேன். இந்த வரிசை அடுக்கும் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. "மலர், நான் ஏதோ தப்பா ஏத்திட்டேன்போல, நீ ஒருதரம் போட்டுப் பாரேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "சார்" என்றார். பிறகு "ஐயோ சார்" என்றார்.

விஷயம் இதுதான். கடை மருந்து, உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்தது. குஞ்சின் கண்ணில் விட்டால் தொண்டையில் பல நாள் குடியிருக்கும். பண்ணையில் கோழி இருமினால் மருத்துவர் தொண்டையில் பஞ்சை விட்டு எடுப்பார். பஞ்சில் வருவது பல சமயம் நோய் வைரஸ் இல்லை, அங்கே குடியிருக்கும் மருந்து வைரஸ். அதையும் நோய் வைரஸ் என்றே எழுதி, எங்களைப் போன்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். எல்லாப் பண்ணையிலும் அதே மருந்து. நாங்கள் ஓட்டெடுப்பு நடத்தியபோது, ஒரே வீட்டுக்காரர்கள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஊரே ஒருமித்துச் சொல்லிவிட்டது என்று நாங்கள் தலையாட்டியிருக்கிறோம். குளிர்பெட்டியில் இருந்ததும் பெரும்பாலும் அதே குடும்பம்தான், எங்கள் மருந்து அதையெல்லாம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆக இத்தனை பேர் இத்தனை காலம் கண் விழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மருந்தைக் கண்டுபிடித்திருந்தோம்.

இயக்குநருக்குப் போன் செய்து, ஊசியை நிறுத்திவிட்டு எல்லாக் குஞ்சுக்கும் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். நல்ல மனிதர், நிதானமானவர். "அருள், பதறாதீங்க. ஒரு படத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. இன்னைக்கு ஊசியப் போட்டுருங்க. அடுத்த வாரம் எல்லாரும் உக்காந்து மறுபடி சரிபார்ப்போம். நீங்க அவசரப்பட்டு எல்லாக் குஞ்சுக்கும் கடை மருந்து விட்டுட்டா, ஒண்ணுகூட சோதனைக்கு ஆகாது. திட்டத்தையே மூட வேண்டியதுதான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, பிள்ளைகளே. நம் தொழிலில் சரிபார்ப்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஒரு படத்தை நம்பி ஒரு திட்டத்தைக் கவிழ்ப்பவனை யாரும் விஞ்ஞானி என்று சொல்ல மாட்டார்கள். மலரின் ஒப்பந்த வேலையும் அந்தத் திட்டத்தோடு கட்டிப் போடப்பட்டிருந்தது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி ஒரு இட்லியை எடுத்து வாயில் போட்டேன்.

அக்கா சட்னியோடு வந்தவள், "ஏன்டா பேயறைஞ்ச மாதிரி இருக்குற? மேடைல பேச பயமா?" என்றாள்.

சொன்னேன். புரதம், வரிசை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன். "நாங்க புதுசுன்னு நெனச்சது புதுசு இல்லக்கா. கடை மருந்தும் அதுவும் ஒண்ணு. காதர் பாய் பண்ணைல இருக்குற நோய அது புடிக்காது போலிருக்குது."

அவள் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சரி, அது உன் வேலை. இப்ப என் குஞ்சுங்களுக்கு உள்ள என்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஷெட்டு இருக்கும் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்போதுதான் கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் அவசரப்பட்டது தப்பாகப் போனால், ஒரு திட்டம் போகும், என் பேர் போகும். இயக்குநர் பொறுக்கச் சொன்னது தப்பாகப் போனால், பக்கத்துப் பண்ணை நோயைப் பிடிக்காத ஊசியோடு இந்தக் குஞ்சுகள் போகும். திட்டத்தை இன்னொரு தடவை எழுதலாம். குஞ்சின் வயிற்றுக் குழாயை இன்னொரு தடவை எழுத முடியாது. நெருக்கடி வரும்போது "எது சரி?" என்று கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அதற்குப் பதில் கிடைக்க நாளாகும். "தப்பாகப் போனால் யாருக்குத் திரும்பி வராது?" என்று கேளுங்கள். அதற்கு அங்கேயே பதில் இருக்கும்.

கூட்டத்தை ரத்து செய்திருக்கலாம். ஆனால் அங்கே வந்திருந்தவர்களில் பலர் என் பேச்சைக் கேட்டுத் தங்கள் அடுத்த தொகுதிக் குஞ்சுகளையும் வெறுமனே இறக்கலாம் என்றிருந்தார்கள். போய்த்தான் ஆக வேண்டும். மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "நான் கொண்டாந்திருக்குறது புது மருந்து இல்லீங்க. நீங்க கடையில வாங்குறதேதான். இன்னைக்குக் காலைலதான் எனக்கே தெரிஞ்சுது. யாரும் குஞ்சுக்கு மருந்தை நிறுத்தாதீங்க" என்றேன். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "என்னா சொல்லுறாரு? மருந்து வேலை செய்யுதா செய்யலியா?" என்று சத்தமாகவே கேட்டார்.

காதர் பாய் எழுந்தார். "ஒண்ணும் இல்லீங்க. பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடைக்காரன் இத்தினி வருசமா சயின்டிஸ்டா இருந்திருக்கான், நமக்குத்தான் தெரியல" என்றார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பாதர்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் சிரித்துவைத்தேன், வேறு வழி? அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து எழுந்து, "பாய், சிரிச்சது போதும். வெறுங்குஞ்சு நிக்குது. என்னா பண்றது, அதச் சொல்லு" என்று என் பக்கம் திரும்பினாள்.

பழைய மருந்து தனியாகப் போதாது. ஆனால் அதோடு வேறு சட்டைக்காரனிடமிருந்து செய்த இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், ரெண்டும் சேர்ந்து, ரெண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாமவனையும் ஓரளவு தடுக்கும். இது எனக்குத் தெரியும். அந்த இன்னொரு மருந்து ஊரில் கிடைக்குமா என்பதுதான் தெரியாது. சொன்னேன்.

"அதுவா? என் வூட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்குதுங்க. அடுத்த செட்டுக்குன்னு வாங்கி வச்சேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார் காதர் பாய்.

அன்றைக்கு மதியம் முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கண்ணில் சொட்டு விட்டோம். இருமும் பண்ணையிலிருந்து வருகிறவர் என்பதால் காதர் பாயை உள்ளே விடவில்லை. மருந்துப் பெட்டியை வாசல் கேட்டிலேயே வாங்கிக்கொண்டோம். வேலை முடிந்து வந்த மாமாவும் குளித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். நான் விட்ட முதல் சொட்டு என் கட்டைவிரலில் விழுந்தது. ரெண்டாவது குஞ்சின் மூக்கில். மூன்றாவதில் அக்கா குப்பியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீ புடிச்சுக் குடு, அது போதும்" என்றாள். ஆய்வகத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு குப்பிகூட நகராது. இங்கே எனக்குக் குஞ்சு பிடிக்கும் வேலை. அதையும் இறுக்கிப் பிடிக்கிறேன் என்று திட்டு வாங்கினேன்.

சில நாட்களில் ரோட்டோரம் இருந்த மூலையில் குஞ்சுகள் இருமத் தொடங்கின என்று அக்கா போன் செய்தாள். மருந்து உடம்பில் பிடிப்பதற்குள் நோய் வந்துவிட்டது. மற்ற இடங்களுக்கு அவ்வளவாகப் பரவவில்லை. இருமிய குஞ்சுகளும் தேறிவிட்டன. தேறியதில் எனக்கு நிம்மதி வரவில்லை, ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவை முட்டை போடும் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பரிசோதனை முடிவுக்கும் நான் அப்படிக் காத்துக் கிடந்ததில்லை.

திட்டம் மூடப்பட்டது. மறுபடி சரிபார்த்ததில் படம் சரியாகத்தான் இருந்தது, இயக்குநர் அதன்பிறகு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலர் சில மாதங்கள் வேலையில்லாமல் இருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்தான். பிறகு வேறொரு திட்டத்தில் திரும்பி வந்து, மருந்து வைரஸ்களைத் தனியே பிரித்து வெளியே நிறுத்தி, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்று வைத்து, பொதுவரிசையை முதலிலிருந்து எழுதினார். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது அதுதான். அது ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், உங்கள் மரத்தில் கடை மருந்தை முதல் ஆளாக உட்கார வையுங்கள். உங்கள் முடிவு அழகாக வரும் நாளில் அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, அக்காவின் கோழிகள் முட்டை போடத் தொடங்கி ரெண்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல முட்டை, ஓடு வழவழவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷெட்டுக்கு ஓடினேன். அக்கா என்னைக் கடைசி வரிசைக் கூண்டுகளுக்கு அழைத்துப் போனாள். ரோட்டோரத்து மூலையில் இருமிய குஞ்சுகள் வளர்ந்து அங்கே நின்றன. கொண்டை சிவந்து, இறகு பளபளத்து, ஷெட்டிலேயே அவைதான் பார்க்க லட்சணமாக இருந்தன. தீனியைக் கொத்தின, முட்டை போடப்போகிற மாதிரியே உட்கார்ந்து எழுந்து கொக்கரித்தன. கீழே முட்டை உருண்டு வரும் கம்பியில் ஒன்றும் இல்லை.

"எத்தினி நாளா இப்படி?" என்றேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே. போன மாசமே கறிக்கு அனுப்பியிருக்கணும். முட்டை போடாததுக்கு எவன் தீனி போடுவான்? நீ வந்து ஒருதரம் பாக்கணும்னுதான் வச்சிருந்தேன்."

பார்த்தேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அக்கா பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே போனாள். மறுநாள் வண்டி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போயிற்று.

போன வாரம் அக்கா அடுத்த தொகுதிக் குஞ்சுக்குச் சொல்லி வைக்கப் போனாள். கிளம்பும்போது என்னிடம், "உங்க பசங்க புதுசா என்னமோ செய்யறாங்கன்னியே, அந்த மருந்து ரெடியா?" என்று கேட்டாள்.

உங்களை நினைத்துப் பார்த்தேன். "இன்னும் இல்லக்கா" என்றேன்.

"இதயாச்சும் முன்னாடியே சொன்னியே" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.